வாயில் வராத பெயர்

மாமியாரும் மருமகளும் ஒரே அறையில் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் நிவேதா.

"நிவேதா, உங்க மேனேஜரம்மாவக் கேளு. கூட்டம் எத்தினி மணிக்குன்னு."

"பதினோரு மணிக்குன்னு தலைவிகிட்ட சொல்லு, நிவேதா."

நிவேதாவுக்குச் சம்பளம் பில் போடுவதற்குத்தான். இரண்டு வாரமாகத் தூதும் போகிறாள்.

"ரெண்டு பேருக்கும் காது நல்லாத்தானே கேக்குது?" என்றாள்.

"கேக்குதான்னு அவங்களையே கேளு" என்றாள் செல்லி.

சண்டை ஒரு பெயரால் வந்தது.

நெல்லிவாசல்நாட்டுப் பெண்கள் சேர்ந்து நடத்தும் சாமை ஆலை அது. செல்லி தலைவி. அவள் மூத்த மகன் வீரனைக் கட்டிக்கொண்டு அமிர்தியிலிருந்து மலையேறி வந்த கோகிலவாணி மேனேஜர். ஆலையின் வேலை முழுக்க வாட்ஸப் குழுவில்தான் நடக்கும். படிக்கத் தெரிந்தவர்கள் எழுதுவார்கள். மற்றவர்கள் குரலில் பேசி அனுப்புவார்கள்.

'அத அங்க வெச்சிருக்கேன்.' 'அவரு வண்டியில போட்டாச்சு.' 'அவங்க வந்தா குடுத்துடுங்க.'

எது, எங்கே, எவர் என்று திருப்பிக் கேட்கலாம் என்றால் சொன்னவள் கொல்லையில் சாமைக்குக் களையெடுக்கப் போயிருப்பாள். அங்கே சிக்னல் கிடையாது. புருஷன் பெயரை அங்கே எந்தப் பெண்ணும் சொல்ல மாட்டாள். மாமனார் பெயரையும் சொல்ல மாட்டாள். ஜீப் ஓட்டுகிற ஆண்களோ எல்லாருமே யாரோ ஒருத்தியின் புருஷன், யாரோ ஒருத்தியின் மாமனார். ஆகவே குழு முழுக்க 'அவரு'. காவலூருக்குப் போக வேண்டிய மூட்டைகள் அமிர்தியில் போய் இறங்கின.

கோகிலா சுவரில் கரும்பலகை மாட்டினாள். யார், எது, எங்கே, இப்போது என்ன செய்ய வேண்டும். ஒவ்வொரு செய்தியிலும் இந்த நாலும் இருக்க வேண்டும் என்று எழுதினாள். பெயரைச் சொல்ல வேண்டும், அவரு கிவரு கூடாது என்று கீழே கோடு போட்டாள். அன்று மாலையே குழுவில் முதல் செய்தியையும் போட்டாள். 'வீரன் ஜீப்பில் காவலூர் மூட்டைகளை ஏற்றவும்.'

கட்டின புருஷன் பெயரை எழுதிவிட்டாள் என்பதுகூடச் செல்லிக்குப் பெரிதில்லை. வீரன் என்பது செல்லியின் மாமனார் பெயர். செத்துப்போன பெரியவர் பெயரைப் பேரனுக்கு வைத்தார்கள். பெற்ற மகனையே செல்லி இதுவரை பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. 'சாமி' என்பாள். அந்தப் பெயரை மருமகள் ஊரிலிருக்கிற போனுக்கெல்லாம் அனுப்பிவிட்டாள்.

அன்று மூடிய வாய். வீட்டிலும் திறக்கவில்லை, ஆலையிலும் திறக்கவில்லை.

இன்றைய கூட்டத்தில் பலகையை அழிப்பது பற்றிப் பேச்சு. அழித்தால் வேலையை விடுவதென்று கோகிலா முடிவு செய்திருந்தாள். அதை வீரனிடம் மட்டும் சொல்லியிருந்தாள். அவன் ஜீப்பைத் துடைத்துக்கொண்டே கேட்டுக்கொண்டான்.

மழை விட்டுத் தூறலாகியிருந்தது. கோகிலா களத்தைப் பார்க்கப் போனாள்.

களத்தின் மூலையில், தார்ப்பாய்க்கு அடியில், வண்டு விழுந்த சாமை மூட்டைகள் அடுக்கியிருந்தன. நேற்றுத்தான் வேலூரிலிருந்து மாத்திரைக்காரர் வந்தார். மூட்டைகளுக்குள் வண்டு மாத்திரைகளைத் துணியில் முடிந்து வைத்தார். தார்ப்பாயை இறக்கி ஓரத்தைச் சுற்றி மணல் கொட்டி அமுக்கினார். நான் வந்து பிரிக்கும் வரைக்கும் யாரும் கிட்டே வரக்கூடாது என்றார். கிளம்பும்போது இன்னொரு தடவையும் சொன்னார்.

"அந்தக் காத்து கண்ணுக்குத் தெரியாதும்மா. மூடின எடத்துல மூச்சுல போச்சுன்னா ஆள எழுப்ப முடியாது."

ஒரு பக்கம் தார்ப்பாய் தூக்கியிருந்தது. மணல் கரைந்திருந்தது. ஓரத்து மூட்டைகளைக் காணோம்.

கோகிலா பின்வாங்கினாள். எட்டி நின்று போனை எடுத்தாள். காலையில் வந்த குரல்களை அவள் இன்னும் கேட்கவில்லை.

முதல் குரல் ஈஸ்வரி. விடியும்போதே வந்து கதவு திறப்பவள்.

"ஏய் பொண்ணுங்களா, தண்ணி உள்ள போவுது. அத எடுத்து முன்னாடி வெச்சிருக்கேன். அவரு வந்தா பாத்துக்கச் சொல்லுங்க. எனக்குத் தல ஒரு மாதிரி சுத்துது, வூட்டுக்குப் போறேன்."

அடுத்த குரல், கோகிலா ஆலைக்கு வருவதற்குச் சற்று முன் வந்தது, மங்கம்மாள். செல்லியின் ஓரகத்தி. மூட்டை ஏற்றுவது அவள் பொறுப்பு.

"முன்னாடி இருந்தத ஏத்தியாச்சும்மா. நனையக்கூடாதுன்னு மேல போடல, உள்ள சீட்டுக்குக் கீழயே தள்ளிட்டேன். அவன் வண்டியில. ஆளுங்க ஏறி உக்காந்திருந்தாங்க, சாக்கு மேலயே கால வெச்சுக்குங்கன்னேன். இப்பதான் கெளம்பிச்சு. நான் கொல்லைக்குப் போறேன்."

மழைக்காகப் பக்கத்துத் திரையெல்லாம் இறக்கிக் கட்டிய ஜீப். உள்ளே ஆட்கள். காலுக்கடியில் அந்த மூட்டைகள்.

அலுவலகத்துக்கு ஓடினாள். ஈஸ்வரிக்குப் போன் போட்டாள்.

"ஈஸ்வரிக்கா, அவரு வந்தா பாத்துக்கட்டும்னு சொன்னீங்களே, யாரச் சொன்னீங்க?"

"மாத்திரைக்காரரத்தான். அவரு பேரு எனக்கு இன்னா தெரியும்?"

"தலை எப்பிடி இருக்குது?"

"வாந்தி வந்துச்சு. இப்ப பரவால்ல."

"வாசல்ல காத்தா உக்காருங்க. உள்ள போவாதீங்க. ஆளு அனுப்பறேன், ஆஸ்பத்திரிக்குப் போவணும்."

மங்கம்மாள் போன் தொடர்பு எல்லைக்கு வெளியே இருந்தது. காலையில் ஆலையிலிருந்து கிளம்பியவை மூன்று ஜீப். ரங்கசாமி அமிர்திப் பக்கம். ரஞ்சித்குமார் திருப்பத்தூர். வீரன் காவலூர். மூன்று பேருக்கும் நிவேதா மாறி மாறி அடித்தாள். மூன்றும் எல்லைக்கு வெளியே.

கோகிலாவின் விரல் தானாக ஓடியது. 'எல்லா ஜீப்பையும் உடனே நிறுத்துங்க. ஆபத்து.' அனுப்பிவிட்டாள்.

பதில்கள் வந்தன.

"எந்த ஜீப்பும்மா?"

"எங்க வூட்டுக்காரரு வண்டியா? ஐயோ, இன்னா ஆச்சு?"

"பாலத்துல தண்ணி போவுதா?"

"எங்க வண்டி நேத்துலேர்ந்து நின்னுனுதான் இருக்குது. டயரு பஞ்சரு."

ஒருத்தி ரோஜாப்பூ படத்தோடு காலை வணக்கம் அனுப்பியிருந்தாள்.

ரோட்டுக்கு யாரும் போனதாகத் தெரியவில்லை. எல்லாரும் போனைப் பார்த்துக்கொண்டு நின்றிருப்பார்கள். கோகிலாவுக்கு அழுகை வந்தது.

"பேரு எங்க?"

செல்லி. நிவேதாவைப் பார்த்துச் சொல்லவில்லை. மருமகளை நேராகப் பார்த்துச் சொன்னாள்.

"உன் பலகையில பேரு போடணும்னுதானே எழுதி வெச்சிருக்கற? நீ போட்டதுல பேரு எங்க? எந்த வண்டின்னு தெரியாம எவ எந்த ரோட்டுல போய் நிப்பா?"

"எந்த வண்டின்னு எனக்கே தெரியல, அத்தை. சின்னத்தை 'அவன் வண்டி'ன்னு மட்டும்தான் சொல்லியிருக்காங்க."

"போடு, கேக்கறேன்."

கோகிலா மங்கம்மாளின் குரலைப் போட்டாள். செல்லி கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள்.

"இன்னொருக்கா."

மறுபடி போட்டாள். 'அவன் வண்டியில' என்ற இடத்தில் செல்லி கையைத் தூக்கினாள்.

"நிறுத்து. ரங்கசாமி வண்டின்னா மங்கம்மா ரங்கசாமின்னு சொல்லுவா. அவ வாய்க்கு இன்னா தடை? அவன் அவளுக்குத் தம்பி மொறை. ரஞ்சித்குமாரு நேத்துப் பொறந்த பையன், அவன டேய் ரஞ்சித்துன்னு பேரச் சொல்லித்தான் கூப்புடுவா."

செல்லியின் முகம் வெளுத்தது.

"எங்க ரெண்டு பேருக்கும் மாமனாரு ஒருத்தரு. அவ வாயில வராத பேரு ஒண்ணே ஒண்ணுதான்."

கோகிலாவுக்கு அது தன் புருஷன். செல்லிக்குப் பிள்ளை.

கோகிலா போனை எடுத்து எழுத ஆரம்பித்தாள்.

"எழுதாத" என்றாள் செல்லி. "ரோட்டோரம் இருக்கறதுல பாதிப் பேருக்குப் படிக்க வராது. பேசித்தான் அனுப்பணும். நீ எப்பவும் எழுதறவ, உன் குரல் போன்ல அவங்களுக்குப் பழக்கமில்ல, சினிமா விளம்பரம்னு நெனச்சுக்குவாங்க. நான் பேசறேன். இன்னா சொல்லணும், எது முன்ன எது பின்ன, அத நீ சொல்லு."

"மொதல்ல நீங்க யாருன்னு சொல்லுங்க. அடுத்தது எந்த ஜீப்பு, எந்த ரோடு. அப்புறம் அவங்க இன்னா செய்யணும். காரணம் ஒரே வரி போதும். ஐயோ அம்மான்னு மட்டும் சொல்லிடாதீங்க, அத்தை."

"நான் எப்ப சொன்னேன் ஐயோ அம்மான்னு?"

"எனக்குத்தான் சொல்லத் தோணுது."

கோகிலா போனை மாமியார் வாயருகில் பிடித்தாள். விரலை வைக்கும் முன் தயங்கினாள்.

"அந்த எடம் வர்றப்ப நிறுத்துங்க. பேர மட்டும் நான் சொல்றேன்."

"வேணாம்" என்றாள் செல்லி. "அமுக்கு."

கோகிலா அமுக்கினாள்.

"நான் செல்லி பேசறேன்."

அங்கே ஒரு மூச்சு. சுவரில் மாமனார் படம் இல்லை, அது வீட்டில் இருந்தது. ஆனாலும் செல்லி முந்தானையை இழுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள்.

"வீரன் ஜீப்ப நிறுத்துங்க. வீரன். எம்புள்ள வீரன். காவலூரு ரோட்டுல போவுது, பச்சத் தார்ப்பாயி. சீட்டுக்குக் கீழ இருக்கற மூட்டையில வண்டு மாத்திரை இருக்குது, விஷக் காத்து. காவலூரு ரோட்டுல இருக்கறவங்க இப்பவே ரோட்டுக்குப் போங்க. வண்டிய நிறுத்தி எல்லாரையும் எறக்குங்க. காத்து எந்தப் பக்கத்துலேர்ந்து அடிக்குதோ அந்தப் பக்கம் தள்ளி நிக்க வைங்க. மூட்டையத் தொடாதீங்க. நிறுத்தினவ பேரச் சொல்லி எனக்குப் பதிலு போடு. எறங்கினவங்க பேரும் சொல்லு, ஒருத்தரும் விடாம."

கோகிலா விரலை எடுத்தாள். செய்தி போனது.

செல்லி நாற்காலியில் உட்கார்ந்தாள். நெற்றி வேர்த்திருந்தது.

"சொல்லிட்டேன்" என்றாள், யாரிடமோ.

நிவேதா திரையையே பார்த்தாள். "கேட்டுட்டாங்க. இன்னொருத்தரும் கேட்டுட்டாங்க. அக்கா, எல்லாரும் கேக்கறாங்க."

இந்தத் தடவை எந்த வண்டி என்று ஒருத்தியும் கேட்கவில்லை. இன்னாத்துக்கு என்றும் கேட்கவில்லை. பதில் ஒவ்வொன்றாக வந்தது.

"நான் பிரியதர்ஷினி பேசறேன். பள்ளிக்கூட மேட்டுல நிக்கிறேன். வண்டி இங்க தாண்டிப் போயிடுச்சு. கீழ இருக்கறவங்க பாருங்க."

கோகிலா கையைப் பிசைந்தாள். பள்ளிக்கூட மேட்டுக்குக் கீழே ரோட்டோரத்தில் இருப்பது தேவயானி ஒருத்திதான். டீக்கடையும் ஆடும் வைத்திருக்கிறாள். அவளைத் தாண்டிவிட்டால் காடு. காவலூர் வரைக்கும் நிறுத்த ஆளில்லை.

"தேவயானி கேட்டாளா?" என்றாள் செல்லி.

"கேட்டாங்க. பதில் இல்ல" என்றாள் நிவேதா.

"அவ எப்பவும் பதில் போடமாட்டா" என்றாள் கோகிலா.

"பதில் போடமாட்டா" என்றாள் செல்லி. "செய்வா."

கோகிலா மாமியார் பக்கத்தில் போய் நின்றாள். செல்லி அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். இரண்டு வாரம் அந்தக் கை எங்கே இருந்தது என்று இரண்டு பேரும் கேட்டுக்கொள்ளவில்லை.

போன் மணியடித்தது. குரல் செய்தி. நிவேதா அவசரத்தில் போனைக் கீழே போட்டு எடுத்தாள்.

முதலில் ஆடுகள் கத்துவது கேட்டது. பிறகு தேவயானி.

"நான் தேவயானி பேசறேன். வீரன் ஜீப்ப நிறுத்திட்டேன். ஆட்ட எல்லாம் ரோட்டுக்கு நடுவுல ஓட்டி விட்டுட்டேன், வேற இன்னா பண்றது. உங்க புள்ள இன்னும் ஆரன் அடிச்சுனு கத்தறாரு. எல்லாரையும் எறக்கியாச்சு. ரெண்டு பேருக்குத் தல வலிக்குதாம். மேட்டுல காத்தோட்டமா உக்கார வெச்சிருக்கேன். மூட்டையத் தொடல. பேருங்கள அப்பறம் போடறேன், மொதல்ல தண்ணி குடுக்கணும்."

நிவேதா கத்தியே விட்டாள். கோகிலா அழுதாள். செல்லி போனைத் தட்டிக்கொடுத்தாள், ஆட்டுக்குட்டியைத் தட்டுகிற மாதிரி.

அதற்கப்புறம் வேலைகள் மளமளவென்று நடந்தன. கோகிலா 108-க்குச் சொன்னாள். மாத்திரைக்காரரிடம் சொன்னாள். அவர் வேலூரிலிருந்து கிளம்பினார். ஈஸ்வரி ஆஸ்பத்திரிக்குப் போனாள். பயப்பட ஒன்றுமில்லை, சரியான நேரத்தில் வெளியே வந்துவிட்டாள் என்று டாக்டர் சொன்னார். ஜீப்பில் வந்தவர்களைப் பார்க்க ஆம்புலன்ஸ் தேவயானி கடைக்கே போனது. தலைவலிக்காரர்கள் இரண்டாவது டீ கேட்கிறார்கள் என்று தகவல் வந்தது.

பதினோரு மணிக் கூட்டம் தாமதமாகத்தான் தொடங்கியது. பலகையை அழிக்க வந்த பெண்கள் பலகைக்குக் கீழேயே உட்கார்ந்திருந்தார்கள். மங்கம்மாள் கொல்லையிலிருந்து ஓடி வந்திருந்தாள். காலில் சேறு காயவில்லை.

"அக்கா, நான் அந்தப் பேரச் சொல்லியிருந்தா..." என்று விம்மினாள்.

"நீ சொல்லாததாலதான் கண்டுபுடிச்சேன்" என்றாள் செல்லி. "ஒருக்காதான் அப்பிடிக் கண்டுபுடிக்க முடியும். அடுத்த தபா சொல்லிடு. நான் சொல்லிட்டேன். வாய் ஒண்ணும் வெந்து போவல."

"மாமா கோச்சுக்குவாரேக்கா."

"பேரன் உசுரு பொழைக்கறதுக்குக் கூப்பிட்டா எந்தத் தாத்தா கோச்சுக்குவாரு? சொல்லுடி."

மங்கம்மாள் முந்தானையால் வாயை மூடினாள். எல்லாரும் பார்த்தார்கள்.

"வீரன்" என்றாள், முந்தானைக்குள்.

"கேக்கல!" என்றது பின்வரிசை.

"வீரன்!"

கூரை அதிரச் சிரித்தார்கள். பிறகு ஒருத்தி எழுந்து தன் புருஷன் பெயரைச் சொல்லிவிட்டு, தானே தலையில் அடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். அடுத்தவள் சொன்னாள். ஒருத்தி பாதிப் பெயர் சொல்லி ஓடப் பார்த்தாள். பிடித்து இழுத்து மீதியையும் வாங்கினார்கள். ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்து ஈஸ்வரியின் குரல் வந்தது. நிவேதா சத்தத்தைக் கூட்டினாள்.

"ரங்கசாமி! எம்புருஷன் ரங்கசாமி! சேதி கேட்டு ஓடியாந்து பக்கத்துலதான் நிக்கிறாரு, முழிக்கிறாரு!"

செல்லி எழுந்து பலகையிடம் போனாள். படிக்கத் தெரியாது. ஆனால் எந்த வரி என்ன சொல்கிறது என்று இப்போது தெரியும். கோடு போட்ட கடைசி வரியில் மழைச்சாரல் பட்டுக் கொஞ்சம் கரைந்திருந்தது.

"கோகிலா, இங்க சாக்பீஸு அழிஞ்சிருக்குது பாரு. பெயின்ட்டுல எழுதிடு. காசு தலைவி குடுப்பா."

கோகிலா சிரித்தாள். வீரனிடம் மட்டும் சொல்லி வைத்திருந்த முடிவை இனி வேறு யாரிடமும் சொல்ல வேண்டியதில்லை.

அப்போதுதான் தேவயானியின் அடுத்த குரல் வந்தது.

"போடு, போடு" என்றார்கள். "பேருங்க வருது."

நிவேதா போட்டாள். ஆடுகள் இப்போது கத்தவில்லை.

"நான் தேவயானி பேசறேன். தலைவி சொன்ன மாதிரி எறங்கினவங்க பேரு சொல்றேன், ஒருத்தரும் விடாம. ஓட்டினு வந்த வீரன். ராஜ்குமாரு வாத்தியாரு. அவரு வூட்டம்மா. தனசேகரன், காவலூருல வேல பாக்கறாரே, அவரு. அப்பறம் வழியில ஏறின உங்க பொண்ணு நதியா."

சிரிப்பு நின்றது.

நதியா செல்லியின் கடைசிப் பெண். வேலூரில் படிக்கிறாள். நேற்று சாயங்காலம்கூட ஹாஸ்டலிலிருந்து பேசினாள், பரீட்சை இருக்கிறது, இந்த மாதம் மலைக்கு வர முடியாது என்றாள்.

கோகிலா மாமியாரைப் பார்த்தாள். செல்லி போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். குரல் தொடர்ந்தது.

"நதியா பக்கத்துல ஒரு பையன் நிக்கிறாரு. நல்லா லட்சணமா இருக்காரு, வெளியூரு. இவரு யாருடின்னு கேட்டேன். வீரன் திரும்பி நின்னுனு மலையப் பாக்கறாரு. பையன் வாயத் தொறக்கறதுக்குள்ள நதியா கையப் புடிச்சு அமுக்கிடிச்சு. நீயே பேரச் சொல்லுடின்னேன். தலையக் குனிஞ்சினு நிக்குது. 'அவரு'ங்குது. பேரு இன்னாடின்னு மூணு தபா கேட்டுட்டேன்."

ஒரு நிமிஷம் காற்றுச் சத்தம்.

"சொல்ல மாட்டேங்குது செல்லிக்கா. நான் இன்னான்னு போடட்டும்?"